பதினான்காம் எண்ணில் ஒரு நாற்காலி

முதலில் நாற்காலி, மற்றதெல்லாம் பிறகு. என் அம்மா வெர்னாவின் சட்டம் இது. பாலைவனப் பூங்காவில் பூ பூக்கிற மாதத்தில் ஆந்தைப் பாறை முகாமில் இடம் பிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. முன்பதிவு கிடையாது, முந்தியவருக்கே இடம். காலை ஏழரைக்கெல்லாம் உள்ளே நுழைந்து, நடக்கிற வேகத்தில் வண்டியை உருட்டிக்கொண்டு, யார் கிளம்புகிறார்கள் என்று பார்க்க வேண்டும். காலைச் சாப்பாட்டுக்குப் பேக்கன் இறைச்சி வறுத்துக்கொண்டிருப்பவர் இன்றைக்குப் போகமாட்டார். கூடாரத்தைத் தலைகீழாகப் பிடித்து மணலை உதறுகிறவர் போவார். அவர் பக்கத்தில் நிறுத்தி, ஜன்னல் வழியாக டோனட் பெட்டியை நீட்டி, "கிளம்புறீங்களா?" என்று கேட்க வேண்டும். தலை அசைந்த மறுநொடி நம் நாற்காலி அந்த மண்ணில் இறங்கிவிட வேண்டும். கட்டணக் கவர், கூடாரம், காப்பி எல்லாம் அப்புறம்.

அந்தப் புதன்கிழமை காலை நானும் அப்படித்தான் செய்தேன். அம்மா இறந்து நாலு நாள் ஆகியிருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சவப்பெட்டி தேர்ந்தெடுத்தேன். திங்கட்கிழமை பாதிரியாரிடம் பேசினேன். செவ்வாய்க்கிழமை அம்மாவின் நீல உடைக்கு இஸ்திரி போட்டேன். பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது உடம்பு முழுக்க. வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதபோது, இவர்கள் எப்போது போவார்கள், பாத்திரம் கழுவலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு பார்ஸ்டோவில் அடக்கம். அதற்குள் என் தம்பி வாரனைக் கண்டுபிடித்துச் சொல்லியாக வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

வாரனுக்கு நாற்பத்தெட்டு வயது, விலாசம் கிடையாது. வெள்ளை வேன் ஒன்றில் இருக்கிறான். அதன் பின் கதவு ஒன்று மட்டும் நீலம், பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. முகாமில் விதிப்படி பதினாலு நாள், பிறகு பூங்காவுக்கு வெளியே அரசாங்க நிலத்தில் பதினாலு நாள், விரட்டினால் அடுத்த இடம் என்று நாலு வருஷமாக ஓட்டுகிறான். துணி துவைக்க ஊருக்கு வரும்போதுதான் அவன் போனுக்கு உயிர் வரும். கடைசியாக எனக்கு வந்த செய்தி பதினொரு நாள் பழையது. "ஆந்தைப் பாறைல இருக்கேன். பூ நல்லா வந்திருக்கு" என்று இருந்தது. அதற்கு நான் பதில் போடவில்லை. சனிக்கிழமையிலிருந்து முப்பது தடவை கூப்பிட்டுவிட்டேன், மணியே அடிக்கவில்லை.

நாலு வருஷத்துக்கு முன் இறந்துபோன அப்பாவின் டிரெய்லரை, வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகிற அந்தச் சின்ன வீட்டை, அவன் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனான். இளகிய மணலில் இறக்கி அச்சை முறித்துக்கொண்டான். ஆள் கூட்டிவருகிறேன் என்று போனவன் மூன்று நாள் கழித்துத்தான் திரும்பினான். அதற்குள் யாரோ சக்கரம், கதவு, அடுப்பு எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா தன் கையால் செய்த மேஜையைக்கூட விடவில்லை. அம்மா கத்தவில்லை. "இனிமே நீ இருக்கிற இடத்துக்குப் பக்கத்துல ஒரு ராத்திரிகூட நான் கூடாரம் போட மாட்டேன்" என்றாள். எங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய சாபம் கிடையாது. அன்றைக்குப் போனவன், அதன்பின் வீட்டுக்கு வரவில்லை. அவள் கூப்பிடவும் இல்லை. இரண்டும் ஒரே பிடிவாதம்.

பதினான்காம் எண் இடத்தில் ஒரு குடும்பம் கூடாரத்தை உதறிக்கொண்டிருந்தது. டோனட்டை நீட்டினேன், தலை அசைந்தது, நாற்காலியை இறக்கினேன். அம்மாவின் நாற்காலி அது. அலுமினியக் கால், பச்சை வெள்ளைப் பட்டை. நடுவில் மூன்று பட்டை அறுந்துபோனபோது வாரன் தன் முதல் வண்டியின் பழுப்பு நிற சீட் பெல்ட்டை வெட்டிப் பின்னிக் கொடுத்தான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. அதிலிருந்து வேறு எந்த நாற்காலியிலும் அம்மா உட்கார்ந்ததில்லை.

தேட இரண்டு நாள் ஆகலாம் என்று இரண்டு ராத்திரிக்கான கட்டணத்தைக் கவரில் போட்டு, பெயரும் ஆள் கணக்கும் எழுதிய ரசீதை எண் கம்பத்தின் கிளிப்பில் மாட்டினேன். அதற்குள் முகாம் காவலர் ஓர்வில் தன் சின்ன வண்டியில் வந்து நின்றார். குளிர்காலம் முழுக்க முதலாம் எண்ணில் இருந்துகொண்டு முகாமைப் பார்த்துக்கொள்கிற மனிதர். எழுபதைத் தாண்டியவர், தொப்பி தொப்பையைவிடப் பெரியது.

"நாற்காலி ஆள் ஆகாதும்மா" என்றார். "ஆள் இருக்கணும், இல்லாட்டி கூடாரம் இருக்கணும். நாற்காலியை மட்டும் போட்டுட்டு ஊர் சுத்தப் போனா நான் தூக்கிடுவேன். போன வாரம் மட்டும் ஒன்பது நாற்காலி. ஒரு கல்யாணமே வெக்கலாம்."

"கூடாரம் போடுற தெம்பு இல்லைங்க. பணம் கட்டியாச்சு, பாருங்க."

ரசீதைக் குனிந்து படித்தார். "மூணு பேர்னு போட்டிருக்கு. மத்த ரெண்டு பேர் எங்க?"

"தம்பியைத்தான் தேடிட்டுப் போறேன். வெள்ளை வேன், பின்னாடி ஒரு கதவு நீலம்."

"ஓ, அவனா! இருந்தான். பதினாலு நாள் முடிஞ்சுது, வெளிய அனுப்பிட்டேன். நல்ல பையன்தான், என் ஜெனரேட்டரை ரிப்பேர் பண்ணிக் கொடுத்தான். ரூல் ரூல்தானே. வடக்கால வறண்ட ஏரியில இருப்பான், போய்ப் பாரு." என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "சரி, நாற்காலி இருக்கட்டும். இன்னிக்கு மட்டும் எனக்குக் கண்ணு தெரியாது."

வாரன் இந்தப் பக்கம் வந்தாலும் வருவான் என்று ஒரு தட்டு கட்டிவைக்க நினைத்தேன். பிந்தி வருகிறவர்களுக்குக் காகிதத் தட்டில் பெயரும் அம்புக்குறியும் போட்டு, பாதை பிரிகிற இடத்தில் கட்டுவது எல்லோரும் செய்வதுதான். அம்மாவின் முகாம் பெட்டியைத் திறந்தால் மார்க்கர் காய்ந்து கிடந்தது. தட்டு அடுக்கின் மேலேயே ஒன்று தயாராக இருந்தது. வாரன் என்று கொட்டை எழுத்தில் பெயர், பெரிய அம்புக்குறி. அவன் எந்த வருஷமும் நேரத்துக்கு வந்ததில்லை என்பதால் அம்மா ஒரே தட்டைத்தான் பல வருஷம் வைத்திருந்தாள். எண்ணை மட்டும் ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டுவாள். நான் பழைய டேப்பைப் பிய்த்துவிட்டு, பேனாவால் பதினாலு என்று எழுதி ஒட்டினேன். வேலை மிச்சம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். தட்டைப் பிரிவில் கட்டிவிட்டு வடக்கே போனேன்.

வறண்ட ஏரி என்பது கண்ணுக்கு எட்டிய தூரம் வெடித்த மண். அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாற்பது ஐம்பது வண்டிகள். மஞ்சள் பெயிண்ட் உரிந்த பழைய பள்ளிக்கூட பஸ் ஒன்றின் படியில் ஒரு பெண் உட்கார்ந்து கால் நகத்துக்குச் சிவப்பு பூசிக்கொண்டிருந்தாள். பெயர் ரோண்டா என்று பிறகு சொன்னாள்.

"வாரனா? கேக்குறது யாரு? போலீஸா, பொண்டாட்டியா?"

"அக்கா. என் பேரு பெவ்."

"அதானே பாத்தேன், அதே மூக்கு." நகத்தை ஊதினாள். "ஒரு மணி நேரம் முன்னாடி கிளம்பினான். தெற்கு முகாம்ல தண்ணி பிடிக்கணும்னான். அப்புறம் ஆந்தைப் பாறைக்கு ஒரு ரவுண்டு போவான்."

"அங்கதான் அவனுக்கு இடம் கிடையாதே?"

"இடத்துக்கா போறான்? இந்த மாசம் முழுக்க தினம் ஒரு ரவுண்டு. உங்க அம்மா பூ பாக்க வருமாமே. அந்த வண்டி நிக்குதானு பாக்கப் போறானாம். பாத்தா என்னடா செய்வேன்னு கேட்டேன். ஒண்ணும் செய்ய மாட்டேன், வந்திருக்குன்னு தெரிஞ்சா போதும்ங்கிறான். சரியான லூசு. போன வருஷமும் இப்படித்தான் பெட்ரோலைக் கொளுத்தினான்."

போன வருஷம் அம்மா வரவில்லை. அதற்கு முந்தின வருஷமும் வரவில்லை. முழங்கால் மடங்கவில்லை, தரையில் படுத்தால் எழுந்திருக்க முடியவில்லை. இதை வாரனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான்தான்.

"அம்மாவுக்கு ஏதாவதா?" என்று ரோண்டா கேட்டாள். பிரஷ் கையில் நின்றுவிட்டது.

"அவன் திரும்பி வந்தா நான் தேடினேன்னு சொல்லுங்க. மத்ததை நான் சொல்லிக்கிறேன்."

அவள் எழுந்து வண்டி ஜன்னலுக்கு வந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

தெற்கு முகாம் நாற்பது மைல். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். "வாரன், அம்மா சனிக்கிழமை போயிடுச்சு." சத்தமாகவும் சொன்னேன், மெதுவாகவும் சொன்னேன். கடையில் சாமான் பட்டியல் ஒப்பிப்பதுபோல்தான் வந்தது. இரண்டு பக்கமும் மஞ்சளும் ஊதாவுமாகப் பூ கொட்டிக் கிடந்தது. ஜனங்கள் காரை ஓரம்கட்டி அதன் நடுவில் படுத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய்த் தொலையுங்களேன் என்று இருந்தது எனக்கு.

தெற்கு முகாமில் தண்ணீர்க் குழாயடியில் நின்ற ஒருவர், நீலக் கதவு வேன் வந்துவிட்டுப் போய்விட்டது என்றார். அப்படியானால் அவன் இப்போது ஆந்தைப் பாறையில் இருப்பான். உடனே திரும்பியிருக்க வேண்டும். ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று குழாய்க்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தி இருக்கையைச் சாய்த்தேன். சனிக்கிழமையிலிருந்து தூங்கவில்லை. விழித்தபோது மணி மூன்றரை. கன்னத்தில் சீட் தையல் பதிந்திருந்தது.

திரும்பி வந்தபோது பாதை பிரிவில் தட்டைக் காணோம். காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தேன். வளைவு திரும்பியதும் பதினான்காம் எண்ணில் நீலக் கதவு தெரிந்தது.

மேற்குப் பக்கம் ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தான். சாயங்கால வெயில் முழங்காலில் விழுந்தால் அம்மாவுக்கு ஆகாது. நாற்காலியை அந்த நிழலுக்குள் நகர்த்தி, மேலே ஒரு போர்வையை நான்காக மடித்துப் போட்டிருந்தான். மேஜையில் மூன்று கப், அவளுக்குப் பிடித்த பீச் பழ டின் ஒன்று. தட்டு காப்பிக் கெட்டிலில் சாய்ந்து நின்றது. வாரன் முகம் மழித்திருந்தான், தாடையில் ஒரு கீறல். தலையைத் தண்ணீர் தொட்டுப் படியச் சீவியிருந்தான். காலர் வைத்த சட்டை போட்டிருந்தான். அவனிடம் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க ரெண்டு பேரும்?" என்று சிரித்துக்கொண்டே வந்தான். "அஞ்சு மணி நேரமா காப்பியைச் சூடு பண்ணிச் சூடு பண்ணி தார் ஆயிடுச்சுக்கா. இதை ஊத்தி ரோடு போடலாம்."

நான் வண்டியிலிருந்து இறங்கினேன். அவன் என்னைத் தாண்டி பக்கத்து இருக்கையைப் பார்த்தான்.

"எங்க? கக்கூஸ் கியூவுல இறக்கிவிட்டியா? ஏன்க்கா, அங்க நிக்க வெக்கலாமா அதை? இரு, நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்."

"வாரன்."

"இரு, அது வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லிடுறேன். டிரெய்லர் பேச்சை நான் எடுக்க மாட்டேன். அது எடுத்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். திட்டட்டும். விடிய விடிய திட்டட்டும். கூடாரம் போட மாட்டேன்னு சொன்ன ஆளு, பேரை எழுதித் தட்டு கட்டி என்னைக் கூப்பிட்டிருக்கே. எனக்கு அது போதும்."

அப்போதுதான் நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது. கார் கண்ணாடிக்கு முன்னால் நாற்பது மைல் ஒப்பித்த வாக்கியம் வாயில் இல்லை.

"அம்மா வரலடா."

"நாளைக்கு வருதா?"

"செத்துப்போச்சுடா. சனிக்கிழமை. மூளையில ரத்தம் கசிஞ்சிருக்கு. ஒரு மணி நேரம்கூட இல்லை. உன்னை எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா?"

அவன் கத்துவான், என்னை அடிப்பான் என்றுகூட எதிர்பார்த்தேன். அவன் குனிந்து அடுப்பை அணைத்தான். மேஜையிலிருந்து தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இது அம்மா கையெழுத்து."

"பழைய தட்டுடா. பெட்டியில இருந்துது. எண்ணு மட்டும் நான் போட்டேன்."

"ரசீதுல மூணு பேர்னு இருக்கே. காலைல இருந்து பத்து தடவை பாத்தேன்."

"கைப் பழக்கம். எழுதினதே தெரியல எனக்கு."

"நாற்காலி?"

"அதைத்தானே முதல்ல போடணும்?"

"ஆமா" என்றான். "அதைத்தான் முதல்ல போடணும்."

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டான், எந்தக் கதவு திறந்து கிடக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறவன்போல. எனக்கு என்மேல் வந்த வெறுப்பைச் சொல்லி முடியாது. அம்மா வந்திருக்கிறாள் என்று மூன்று விதமாக எழுதிவைத்துவிட்டு, நான் போய்க் குழாயடியில் குறட்டை விட்டிருக்கிறேன். அவன் அந்த ஐந்து மணி நேரத்தில் முகம் மழித்திருக்கிறான். அப்போதும் அழுகை வரவில்லை. வெறுப்பு மட்டும்தான் வந்தது.

பொழுது சாயும் நேரத்தில் ஓர்வில் வந்தார். "ரெண்டாவது வண்டிக்குச் சீட்டு வேணும்ப்பா" என்று ஆரம்பித்தார். "எங்க அம்மா செத்துப்போச்சு" என்றான் வாரன். முதல் தடவையாக அவன் வாயால் சொன்னது அந்த ஆளிடம்தான். ஓர்வில் தொப்பியைக் கழற்றினார். சீட்டு கேட்காமலேயே போய்விட்டார்.

அவரைக்காய் வேகவைத்திருந்தான், சோள ரொட்டி சுட்டிருந்தான். நாங்கள் மேஜைப் பலகையில் ஒடுங்கி உட்கார்ந்து சாப்பிட்டோம். நாற்காலியில் இருவரும் உட்காரவில்லை. பீச் டின்னைத் திறக்கவில்லை.

"என்னைப் பத்தி ஏதாவது சொல்லிச்சா?" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

சொல்லவில்லை. நாலு வருஷத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். அம்மா மன்னித்துவிட்டாள் என்று சொன்னால் அவன் நம்புவான். என் பொய்யை இன்று ஒரு தடவை நம்பியாகிவிட்டது, போதும்.

"சொல்லல" என்றேன். "ஆனா அந்தப் பெட்டியை ரெண்டு தடவை ஒழிச்சுது. ஓட்டைச் சட்டியைத் தூக்கிப் போட்டுச்சு, அப்பாவோட விளக்கைக்கூட யாருக்கோ கொடுத்துடுச்சு. உன் பேர் போட்ட தட்டை எடுத்து மேலதான் வெச்சிருந்துது."

அவன் எழுந்து வேனுக்குப் பின்னால் போனான். நீலக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நெடுநேரம் வரவில்லை. நான் பாத்திரம் கழுவினேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் கூடாரம் உதறவில்லை, ஏனென்றால் போடவே இல்லை. காரில் படுத்திருந்தேன். வாரன் தார்ப்பாயை அவிழ்த்து மடித்தான், அடுப்பைக் கட்டினான், கப்புகளைத் துடைத்து அடுக்கினான். எல்லாம் ஏற்றியாயிற்று. நாற்காலி மட்டும் போர்வையோடு அப்படியே இருந்தது. அவன் அதன் பக்கத்தில் போவதும் வருவதுமாக இருந்தான். நான் எடுக்கப்போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

அந்த நேரம் பார்த்து ஒரு சாம்பல் நிற வண்டி நடக்கிற வேகத்தில் வந்து எங்கள் முன் நின்றது. பின்னால் ஓர்வில்லின் சின்ன வண்டி. ஜன்னல் இறங்கியது. பின் சீட்டில் இரண்டு சிறுமிகள், முன்னால் ஒரு பெண், அவள் கையில் டோனட் பெட்டி.

"கிளம்புறீங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாங்கள் கிளம்பிக்கொண்டுதான் இருந்தோம். மறுநாள் பதினொரு மணிக்கு அடக்கம், அவனுக்கு ஒரு கோட்டு வேறு வாங்க வேண்டும்.

"ஆள் இருக்கு" என்றான் வாரன்.

அந்தப் பெண் ஏற்றிக் கட்டிய இரண்டு வண்டிகளையும் பார்த்தாள், வெறும் மண்ணையும் பார்த்தாள். பிறகு நியாயம் கேட்பதுபோல் ஓர்வில்லைத் திரும்பிப் பார்த்தாள்.

ஓர்வில் இறங்கி வந்தார். நாற்காலியைப் பார்த்தார். கம்பத்துக்குப் போய் ரசீதைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, தேதியிலிருந்து ஆட்கள் கணக்குவரை நிதானமாகப் படித்தார். மறுபடி கிளிப்பில் மாட்டினார்.

"ஆமாம்மா, ஆள் இருக்கு" என்றார் அவளிடம். "வெள்ளிக்கிழமை பன்னண்டு மணி வரைக்கும் இருக்கு. இருபத்தாறுல கூடாரம் உதறுறாங்க, ஓடு ஓடு."

அவள் நாற்காலியைப் பார்த்து "ஸாரி" என்று சொல்லிவிட்டு வண்டியை நகர்த்தினாள்.

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.